ஒரே எஸ்எஸ்டியில் விண்டோசும் லினக்சும்: முதலில் விண்டோசுக்குள் முடிக்க வேண்டியவை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனிக் கணக்கு என்றால் டேலி. டேலிக்கு விண்டோஸ் வேண்டும். அதே வீட்டில் காட்பாடியிலோ பாகாயத்திலோ இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் வேண்டும். இருப்பது ஒரு லேப்டாப், அதற்குள் ஒரே ஒரு எஸ்எஸ்டி. இரண்டாவது டிஸ்க் வாங்காமல் இரண்டையும் அதிலேயே வைக்கலாம். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்திலேயே விண்டோசும் பாஸ் லினக்சும் ஒரே டிஸ்கில் சேர்ந்து வந்ததைப் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே விண்டோஸ் 11-ஐயும் லினக்ஸ் மின்ட் 22-ஐயும் வைத்துச் சொல்கிறோம். மின்ட் 22, உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்சின் மேல் கட்டப்பட்டது; 2029 வரை அப்டேட் வரும். உபுண்டு போடுகிறவர்களுக்கும் இன்ஸ்டால் திரையின் தோற்றம் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

லினக்ஸ் ஏறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. சர்வீஸ் கடைக்கு வருகிற கேஸ்களில் பெரும்பாலானவை, அதற்கு முன்னால் விண்டோசில் செய்யாமல் விட்ட வேலைகளால் வருபவை. அதனால் இந்தக் கட்டுரையின் பாதி விண்டோசுக்குள்ளேயே போகும்.

டிஸ்கில் என்ன இருக்கிறது

512 ஜிபி என்று போட்டு விற்கும் எஸ்எஸ்டி விண்டோசில் 476 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி 1000-ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 256 ஜிபி 238 ஆகவும், 1 டிபி 931 ஆகவும் தெரியும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பார்த்தால் சி டிரைவ் தவிர இரண்டு சின்னப் பகுதிகள் இருக்கும். முன்னால் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், சாதாரணமாக 100 எம்பி, கம்பெனி லேப்டாப்களில் 260 எம்பி. பின்னால் ரெக்கவரி பார்ட்டிஷன். இவற்றுக்கு நடுவே 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய இடமும் உண்டு; அது இந்தத் திரையில் தெரியாது. ஒன்றையும் அழிக்க வேண்டாம். ஒரே காம்பவுண்டில் இரண்டு குடித்தனம் இருந்தாலும் தெருவாசல் கேட் ஒன்றுதான். இஎஃப்ஐ பார்ட்டிஷன் அந்த கேட். விண்டோசின் பூட் ஃபைல்களும் லினக்சின் பூட் ஃபைல்களும் அதற்குள் தனித்தனி ஃபோல்டராக இருக்கும். மின்ட் அதில் எடுத்துக்கொள்வது சில எம்பிதான், 100 எம்பியே போதும். சில லினக்ஸ்கள், முக்கியமாக பாப் ஓஎஸ், தங்கள் மையப் பகுதியான கெர்னலையே அங்கே கொண்டுபோய் வைக்கும். அவற்றுக்கு 100 எம்பி பத்தாது.

இப்போது ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். பயாஸ் என்பது விண்டோசுக்கு முன்னால் ஓடி லேப்டாப்பை எழுப்பும் புரோகிராம்; யூஇஎஃப்ஐ அதன் புதிய முறை, லெகசி பழைய முறை. யூஇஎஃப்ஐ என்றிருந்தால் மேலே படிக்கலாம். லெகசி என்றிருந்தால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது, விண்டோசே மூன்றைப் பிடித்திருக்கும். இந்த நிலையில் லினக்சை யூஇஎஃப்ஐ முறையில் போட்டால் லினக்சின் பூட் மெனுவுக்கு விண்டோஸ் கண்ணிலேயே படாது. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் எம்பிஆரும் கூடவே வந்துவிடும். பயாஸில் யூஇஎஃப்ஐ வசதி இருந்தால் குளோன் செய்யாமல், எம்பிஆருக்குப் பதிலாக வந்த ஜிபிடி முறையில் புதிதாகப் போடுவதே நல்லது.

எவ்வளவு இடம் யாருக்கு

விண்டோசுக்கு 100 ஜிபிக்குக் குறைவாக வைத்தால் ஆறு மாதத்தில் சி டிரைவ் சிவப்பாகும். பெரிய அப்டேட் ஒவ்வொன்றும் தற்காலிகமாக 20 ஜிபி அளவுக்கு இடம் கேட்கும். மின்ட் 20 ஜிபியில் ஏறிவிடும், ஆனால் வசதியாக வேலை செய்ய 60 முதல் 100 ஜிபி கொடுங்கள்.

476 ஜிபிக்கு எங்கள் கணக்கு: விண்டோசுக்கு 200, லினக்சுக்கு 100, இரண்டும் பார்க்கக்கூடிய பொது டிரைவுக்கு 150, மிச்சம் 25-ஐ எதற்கும் ஒதுக்காமல் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடம் வீண் இல்லை. எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் எழுத்து வேலையை எல்லா செல்களுக்கும் பகிர்ந்து போடுவதற்கு அதைப் பயன்படுத்தும். டிஸ்க் விளிம்புவரை நிரம்பினால் வேகம் குறையும். ஹார்ட் டிஸ்க் காலத்தில் எது முதலில், எது கடைசியில் என்று பார்ப்பார்கள். எஸ்எஸ்டியில் வரிசை வேகத்தை மாற்றாது.

238 ஜிபியில் 120, 60, 45 என்று போகலாம். 120 ஜிபி எஸ்எஸ்டியில் இந்த வேலையே வேண்டாம். ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள்.

விண்டோசுக்குள் மூன்று வேலை

மூன்றுக்கும் முன்னால் பேக்கப். போட்டோ, டேலி டேட்டா, புராஜெக்ட் எல்லாம் வெளி டிஸ்கில் ஒரு காப்பி. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வேலை, என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி. செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் இருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தாலே, பெரும்பாலான லேப்டாப்களில் இது கேட்காமலே ஆன் ஆகிவிடும். ஆன் ஆக இருக்கும்போது பயாஸில் செக்யூர் பூட்டையோ (கையெழுத்திட்ட பூட் ஃபைல்களை மட்டும் அனுமதிக்கும் காவல்) பூட் வரிசையையோ தொட்டால், அடுத்த முறை நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். இங்கே ஒரு சிக்கல்: கடையில் லேப்டாப் வாங்கும்போது கடைப் பையனே தன் மெயில் ஐடியைப் போட்டு விண்டோசைத் திறந்து கொடுத்திருந்தால், கீ அவருடைய அக்கவுண்ட்டில் கிடக்கும். ஆகவே யாருடைய அக்கவுண்ட் என்று முதலில் பாருங்கள், கீயைத் தாளில் எழுதி வையுங்கள், பிறகு என்க்ரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். டிஸ்க் முழுவதும் திரும்ப எழுதப்படும். முடியும்வரை ஷட்டௌன் வேண்டாம். உபுண்டுவின் இன்ஸ்டாலர் இது ஆன் ஆக இருந்தால் வேலையையே நிறுத்திவிடும்.

இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்வது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி, அதற்குள் 'தற்போது மாற்ற முடியாத செட்டிங்ஸை மாற்று' என்ற பொருளில் ஒரு லிங்க். அதை அழுத்தினால்தான் டிக் எடுக்க வரும். இது ஆன் ஆக இருந்தால் நீங்கள் ஷட்டௌன் கொடுத்தாலும் விண்டோஸ் உண்மையில் பாதி உறக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் சி டிரைவைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். யாராவது வற்புறுத்தித் திறந்து எழுதிவிட்டால், விண்டோஸ் விழிக்கும்போது நினைவில் வைத்திருந்ததும் டிஸ்கில் இருப்பதும் ஒத்துப்போகாமல் ஃபைல்கள் கெடும்.

மூன்றாவது, இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் வைத்திருப்பவர்களுக்கு. அந்த லேப்டாப்கள் பலவற்றில் எஸ்எஸ்டி, விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற கன்ட்ரோலர் முறையில் செட் ஆகி வரும். இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பயாஸில் போய் நேராக அணைத்தால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும், ஏனென்றால் புது முறைக்கான டிரைவரை அது ஏற்றியிருக்காது. வரிசை இப்படி:

1. விண்டோஸ் அக்கவுண்ட்டின் முழுப் பாஸ்வேர்டும் தெரியுமா என்று உறுதி செய்யுங்கள். சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் பல நேரம் வேலை செய்யாது.
2. சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் டேபில் சேஃப் பூட், மினிமல் டிக் செய்து ரீஸ்டார்ட்.
3. விண்டோஸ் வருமுன் பயாஸுக்குள் போய் விஎம்டியை அணையுங்கள், அல்லது ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். ஏசர் லேப்டாப் பலவற்றில் அந்த வரி மறைந்திருக்கும்; மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் கீயோடு எஸ் அழுத்தினால் தெரியும்.
4. சேவ் செய்து வெளியே வந்தால் சேஃப் மோடில் விண்டோஸ் திறக்கும். சேஃப் பூட் டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட்.

ஏஎம்டி லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றாவது வேலையைத் தாண்டிப் போகலாம்.

சி டிரைவைச் சுருக்குவது

சுருக்கும் வேலையை விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மட்டும் செய்யுங்கள். சி மீது ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். அளவு எம்பியில் கேட்கும்: லினக்ஸ் 100, பொது டிரைவ் 150, காலி 25, மொத்தம் 275 ஜிபி. 1024-ஆல் பெருக்கினால் 281600. அதை டைப் செய்யுங்கள்.

200 ஜிபி காலி இருந்தும் சில ஆயிரம் எம்பிக்கு மேல் சுருக்க விடாமல் அடம்பிடிக்கும் கேஸ் அடிக்கடி வரும். சி டிரைவின் கடைசிப் பக்கத்தில் நகர்த்த முடியாத ஃபைல்கள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்: பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் காப்பிகள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் மெமரியை 'நோ பேஜிங் ஃபைல்' ஆக்குங்கள், சிஸ்டம் புரொடக்‌ஷனை ஆஃப் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்து மறுபடி சுருக்குங்கள். வேலை முடிந்ததும் இரண்டையும் பழையபடி ஆன் செய்ய மறக்க வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் பார்ட்டிஷன் டூல்களால் சி டிரைவின் ஆரம்பப் புள்ளியை நகர்த்துகிற வேலைக்குப் போகாதீர்கள். அப்படி நகர்த்தினால் உள்ளே இருக்கும் எல்லா டேட்டாவும் இடம் மாற்றி எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் டேட்டாவும் போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட் நிறுத்தும் நாளில் டெஸ்க்டாப்பில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். யுபிஎஸ் இருந்தாலும் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

எஸ்எஸ்டி புத்தம் புதியது, எல்லாவற்றையும் முதலிலிருந்து போடப் போகிறீர்கள் என்றால் சுருக்கும் தொல்லையே கிடையாது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் காலி டிஸ்கைத் தேர்ந்து, நியூ கொடுத்து 200 ஜிபி அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் உண்டாக்குங்கள். மீதியை அப்படியே விடுங்கள். விண்டோஸ் எப்போதும் முதலில், லினக்ஸ் பிறகு. மாற்றிப் போட்டால் விண்டோஸ் தன்னையே பூட் வரிசையில் முதலில் வைத்துக்கொள்ளும், லினக்ஸ் மெனு காணாமல் போகும்.

பென்டிரைவ்

8 ஜிபி பென்டிரைவ் போதும். மின்ட்டை நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ ஃபைல் சுமார் 3 ஜிபி. ரேம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் சினமன். இறக்கிய ஃபைலின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். செவன்-ஜிப் இருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே கணக்கிடலாம். பாதியில் அறுந்த டவுன்லோடு, இன்ஸ்டால் 70 சதவீதத்தில் நிற்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் ஏற்றும் ரூஃபஸ் என்ற புரோகிராமில் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ. பிறகு பூட் மெனு: ஹெச்பிக்கு எஃப்9, டெல், லெனோவா இரண்டுக்கும் எஃப்12, ஆசுஸுக்கு எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் அந்த மெனுவை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. மின்ட், உபுண்டு இரண்டும் கையெழுத்திட்ட பூட்லோடரோடு வருகின்றன. ஆனால் டிராயரில் கிடக்கும் பழைய பென்டிரைவை எடுத்தால் ஷிம் (லினக்சின் முதல் பூட் ஃபைல்) எஸ்பேட் சரிபார்ப்பு தோற்றது என்று ஒரு வரி வந்து மெஷின் அணைந்துவிடலாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய பூட்லோடர்களைத் தடைப்பட்டியலில் சேர்த்ததன் விளைவு அது. புதிய ஐஎஸ்ஓவை இறக்கினால் சரியாகிவிடும்.

பென்டிரைவிலிருந்து மின்ட் திறந்ததும் உடனே இன்ஸ்டால் ஐகானை அழுத்தாதீர்கள். வைஃபை, சவுண்ட், டச்பேட், பிரைட்னெஸ் கீ எல்லாவற்றையும் பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்களில் ரியல்டெக் வைஃபை கார்டு சில நேரம் எழாது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும். இன்ஸ்டால் முடிந்தபின் டிரைவர் மேனேஜரில் சரி செய்யலாம்.

இன்ஸ்டால்

மொழி, கீபோர்டு தாண்டியதும் வரும் திரைதான் முக்கியம். 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தொட்டால் விண்டோஸ், டேட்டா எல்லாம் போய்விடும். 'அலாங்சைடு' என்ற வழி வேலை செய்யும், ஆனால் இடத்தைத் தன் இஷ்டத்துக்குப் பிரிக்கும். 'சம்திங் எல்ஸ்' எடுங்கள்.

பட்டியலில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று 2,95,000 எம்பியை ஒட்டி ஒரு வரி இருக்கும். நாம் கொடுத்தது 281600தானே என்று குழம்ப வேண்டாம். இந்த இன்ஸ்டாலர் 1000 கணக்கில் எண்ணுகிறது. அந்த வரியைத் தேர்ந்து, கூட்டல் குறியை அழுத்தி, 107000 எம்பி, எக்ஸ்ட்4 (லினக்சின் ஃபைல் முறை), மவுண்ட் பாயின்ட் '/' என்று கொடுங்கள். அவ்வளவே. ரேம் பத்தாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, மின்ட் தானே ஸ்வாப் ஃபைல் உண்டாக்கிக்கொள்ளும். உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குத் தனிப் பார்ட்டிஷனும் இந்த அளவு இடத்தில் வேண்டாம். ஒன்று நிரம்பி மற்றொன்று காலியாகக் கிடக்கும்.

இஎஃப்ஐ பார்ட்டிஷன் வரியைப் பாருங்கள்: வகை இஎஃப்ஐ என்றும், ஃபார்மட் கட்டம் டிக் இல்லாமலும் இருக்க வேண்டும். அதை ஃபார்மட் செய்தால் விண்டோசின் பூட் ஃபைல்கள் அழியும். கீழே பூட்லோடர் டிவைசாக எஸ்எஸ்டியையே காட்டட்டும், பென்டிரைவை அல்ல.

மீடியா கோடெக்குக்கு டிக் செய்தால் செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம். எதையாவது கொடுத்து எழுதி வையுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்தால் பயப்பட வேண்டாம்: என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட். அந்தத் திரை சில நொடிதான் காத்திருக்கும். தவறவிட்டால் என்விடியா டிரைவர் போன்றவை ஏறாது.

மெனு வராவிட்டால்

ரீஸ்டார்ட் செய்ததும் லினக்சின் பூட் மெனுவான கிரப்பில் மின்ட், விண்டோஸ் பூட் மேனேஜர் இரண்டும் தெரிய வேண்டும். நேராக விண்டோஸ் திறந்தால் இன்ஸ்டால் தோற்றுவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. பயாஸுக்குள் போய் யூஇஎஃப்ஐ பூட் வரிசையில் 'உபுண்டு' என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட்டைத்தான் போட்டிருப்பீர்கள், ஆனால் பயாஸில் அது உபுண்டு என்ற பெயரில்தான் பதியும். ஏசரில் இன்னொரு படி: சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்து, செக்யூரிட்டி பக்கத்தில் அந்த உபுண்டு ஃபோல்டரில் உள்ள ஷிம் ஃபைலை நம்பகமானதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். விண்டோசின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் வரிசை மாறலாம், மருந்து இதேதான்.

மெனு வந்து அதில் விண்டோஸ் இல்லையென்றால், மின்ட் டெர்மினலில் 'சூடோ அப்டேட்-கிரப்' (sudo update-grub) ஓட்டிப் பாருங்கள்.

கடிகாரமும் பொது டிரைவும்

மின்ட்டிலிருந்து விண்டோசுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. டேலியில் அன்றைய தேதியே மாறிப்போகும் அளவுக்கு இது தொல்லை. ஜிஎஸ்டி தளமும் பேங்க் தளமும்கூடச் சண்டை போடும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டைம் ஜோன் இன்ஃபர்மேஷன் என்று இறங்கி, 32 பிட் டிவேர்டு ஒன்று உண்டாக்குங்கள். பெயர்: ரியல் டைம் ஈஸ் யூனிவர்சல். நான்கு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விடாமல், ஒவ்வொன்றின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக. மதிப்பு 1. ரீஸ்டார்ட் செய்து மணியை ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

பொது டிரைவை விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே உண்டாக்குங்கள்: காலி இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம், 153600 எம்பி, என்டிஎஃப்எஸ். பக்கத்தில் பெயரோ எழுத்தோ இல்லாமல் 100 ஜிபி அளவில் ஒன்று தெரியும். அதுதான் லினக்ஸ், கை வைக்காதீர்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபைல் முறை வேண்டாம் என்பது எங்கள் கருத்து: மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் அதில் கிடையாது, எழுதும்போது கரண்ட் போனால் ஃபைல் பட்டியலே குலையலாம். என்டிஎஃப்எஸ்ஸை மின்ட் தாராளமாகப் படிக்கும், எழுதும். மின்ட்டின் டிஸ்க்ஸ் புரோகிராமில் மவுண்ட் ஆப்ஷனைத் திருத்தினால் ஒவ்வொரு முறையும் தானே திறந்துகொள்ளும். அங்கே 'நோஃபெயில்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கும், அழிக்காதீர்கள். அது இருந்தால்தான் பொது டிரைவில் பிரச்சினை வந்தாலும் மின்ட் திறக்கும். டாக்குமென்ட், போட்டோ, வீடியோ அங்கே வைக்கலாம். புரோகிராமிங் புராஜெக்ட்களை லினக்ஸ் பக்கமே வையுங்கள், ஃபைல் உரிமைகள் என்டிஎஃப்எஸ்ஸில் குழம்பும்.

எஸ்எஸ்டி பராமரிப்புக்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வேலையை மின்ட் வாரம் ஒருமுறையும், விண்டோஸ் தன் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் மூலமும் தானே செய்துகொள்கின்றன. சூட்டை மட்டும் கவனியுங்கள். கத்திரி வெயிலில் வேலூர் 104 டிகிரியைத் தாண்டும் மதியத்தில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்பில் பெரிய ஃபைல்களை நகலெடுத்தால் என்விஎம்இ எஸ்எஸ்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மாடல்களில் இது நடக்கும். விண்டோஸ் 11-இல் ஸ்டோரேஜ் செட்டிங்ஸில், டிஸ்கின் பிராப்பர்ட்டீஸில் அந்தச் சூட்டைப் பார்க்கலாம்.

லினக்ஸ் வேண்டாம் என்றால்

முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த 100 ஜிபியை டிலீட் செய்யுங்கள். வரிசையை மாற்றாமல் அழித்தால் கறுப்புத் திரையில் கிரப் என்று ஒரு சொல் மட்டும் வந்து நிற்கும். அப்போதும் பயாஸ் வழியாக விண்டோசுக்குப் போய்விடலாம். அழித்த இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியே இருந்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்து சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் வேறு பார்ட்டிஷன் இருந்தால் அந்த மெனு மங்கலாகவே இருக்கும். அப்போது அதைத் தனி டிரைவாக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மிஞ்சும் உபுண்டு ஃபோல்டர் சில எம்பிதான், அதனால் ஒரு தொல்லையும் இல்லை.